பெறுநர்: கீழ் லுபாசி

வெள்ளிக்கிழமைகளில் காலை ஒன்பது மணிக்கு அலுவலகத்தில் எல்லோரும் கூடி ரொட்டி சாப்பிடுவார்கள். முறை வைத்து ஒருவர் வாங்கி வரவேண்டும். அன்று ஹன்னாவின் முறை. பதினான்கு பேருக்குப் பதினாறு வட்ட ரொட்டி, இரண்டு வகைச் சீஸ், ஒரு போத்தல் ஜாம் என்று முதல்நாளே எழுதிவைத்து, அதன்படியே வாங்கி வந்திருந்தாள். எதையும் எழுதிவைத்துச் செய்வதும், செய்து முடித்த பிறகு சரியாகத்தான் செய்தேனா என்று இரண்டு தரம் திரும்பிப் பார்ப்பதும் அவளுடைய பிறவிக் குணம். டென்மார்க்கில், ரண்டர்ஸ் நகரில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்குள் அவளுக்கு 'செக் லிஸ்ட்' என்று ஒரு பட்டப்பெயரே இருந்தது.

ரொட்டி பாதி முடிந்தபோது தோர்கில் சுவர்த் திரையில் ஒரு படத்தைப் போட்டார். தோர்கில்தான் இந்தத் திட்டத்துக்குத் தலைவர். முப்பது வருடமாகச் சுரங்கங்களின் தண்ணீரோடு மல்லுக்கட்டி வருபவர். சாம்பியாவில் கிதோண்டோ என்ற செம்புச் சுரங்கத்தை இப்போதிருப்பதைவிட மூன்று மடங்கு பெரிதாக்கப் போகிறார்கள். குழியை அகலமாக்கி, ஆழமாக்கி, இரண்டாவது ஆலை கட்டி, கழிவுச் சேற்றுக்குப் புதிதாக ஒரு குளமும் வெட்டப் போகிறார்கள். அதனால் தண்ணீருக்கு என்ன ஆகும் என்று ஆராய்ந்து அறிக்கை எழுதிக் கொடுப்பது இந்த அலுவலகத்தின் வேலை. முந்நூற்று நாற்பது பக்க அறிக்கை. காற்றாலைக்கும் மின்சாரக் காருக்கும் உலகத்துக்குச் செம்பு தேவை என்று அதன் முதற்பக்கத்திலேயே எழுதியிருந்தது.

சுரங்கத்திலிருந்து வந்திருந்த அந்தப் படத்தில் தகரக் கூரை போட்ட ஒரு பள்ளிக்கூட மண்டபம். இருநூறு பேருக்குக் குறையாது. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் மஞ்சள் துணி கட்டிய பெண்ணொருத்தி வாய்விட்டுச் சிரித்தாள். பின்சுவரில் வெள்ளைத் துணியொன்றில் பெயின்றால் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது: கீழ் லுபாசி ரெசிப்பியன்ட்களின் கூட்டம்.

தோர்கில் அதை வாசித்தார். மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. பிறகு சிரித்தார், பற்களில் ஜாம் தெரிய.

"கழிவு நீருக்குக் கைதட்டுகிறார்கள்," என்றார்.

மற்றவர்களுக்கு விளங்கவில்லை. பக்கத்து மேசை எமிலியா, அழகான படம், புதுவருட வாழ்த்து அட்டைக்குப் போடலாம் என்றாள். ஹன்னாவுக்கும் ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியபோது வாயிலிருந்த ரொட்டியை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. குவளையில் கோப்பி ஊற்றப் போவதுபோல எழுந்து போய்க் கழிவறையில் துப்பினாள்.

விஷயம் ஒரு சொல். டேனிஷில் தண்ணீர்ப் பொறியாளர்கள் 'ரெசிப்பியன்ட்' என்றால் மனிதரை நினைப்பதில்லை. கழிவு நீர் போய் விழுகிற ஓடை, ஆறு, ஏரி, கடல், எதுவோ அதுதான் அவர்களுக்கு ரெசிப்பியன்ட். ஆங்கிலத்திலும் அதே சொல், அதே எழுத்துக்கள். ஆனால் ஆங்கிலத்தில் அதைப் படிக்கிறவர்கள் ஓர் ஆளைத்தான் நினைப்பார்கள். கடிதத்தின் தலையில் பெறுநர் என்று எழுதுகிறோமே, அந்தப் பெறுநர்.

தோர்கில் டேனிஷில் எழுதுவார். ஹன்னா ஆங்கிலத்தில் ஆக்குவாள். பொறியியல் படித்தவள் என்றாலும் மூன்று வருடமாக அவளுக்கு வாய்த்த வேலை பெரும்பாலும் அதுதான். துறைச் சொற்களுக்கென்று ஓர் எக்செல் பட்டியல் வைத்திருந்தாள். அறுநூற்றுப் பதினொரு சொற்கள். ஒவ்வொன்றையும் மூன்று அகராதியில் பார்த்து, சந்தேகமிருந்தால் மஞ்சள், தீர்ந்தால் பச்சை. அந்தப் பட்டியலில் ரெசிப்பியன்ட் இல்லை. மொழிபெயர்க்கத் தேவையில்லாத சொல்லைப் பட்டியலில் எதற்குச் சேர்ப்பது? ஏற்கெனவே ஆங்கிலத்தில் இருக்கிற சொல்தானே என்று அவளுடைய கண் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. ஒரு தரமல்ல, நாற்பத்தேழு தரம். அன்று மத்தியானம் கணினியில் தேடி எண்ணிப் பார்த்தாள்.

மோசமானது பதினாலாம் அட்டவணை. ரெசிப்பியன்ட்: கீழ் லுபாசி. சுத்திகரித்த நீர், நாளுக்கு ஒன்பதாயிரம் கன மீட்டர், வருடம் முழுவதும். லுபாசி என்பது ஓடை. அதன் கீழ்ப்பாதியைப் பொறியாளர்கள் கீழ் லுபாசி என்றார்கள். ஓடையின் கரையில் இருக்கிற ஊருக்கும் அதே பெயர். வறட்சிக் காலத்தில் கிணறு வற்றிப்போகிற ஊர் என்று இன்னோர் அத்தியாயத்தில் அவளே மொழிபெயர்த்திருந்தாள்.

சுரங்கத்தின் மக்கள் தொடர்பு அலுவலகம் அந்த அட்டவணையை வைத்து ஒரு பக்கத் துண்டுப் பிரசுரம் செய்திருந்தது. கீழ் லுபாசி மக்கள் நாளுக்கு ஒன்பதாயிரம் கன மீட்டர் சுத்தமான தண்ணீர் பெறப் போகிறார்கள், வறட்சியிலும் பெறுவார்கள். பதிலாக, ஓடைக்கு அப்பால் இருக்கும் மேய்ச்சல் நிலத்தைச் சேற்றுக் குளத்துக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பத் தலைவர்கள் ஒப்பம் வைத்திருந்தார்கள். படத்தில் கைதட்டியவர்கள் அவர்கள்தான்.

உண்மையில் அந்தத் தண்ணீர் குழியின் அடியிலிருந்து இறைக்கிற தண்ணீர். சுண்ணாம்பு போட்டு அடையவிட்டு ஓடையில் விடுவார்கள். குடிக்க உதவாது. மூன்றாம் வருடத்துக்குப் பிறகு ஓடை மீனும் குறையும் என்று நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது.

தன் பிழை என்று தெரிந்ததும் அவளுக்குத் தன்மேல்தான் முதலில் அருவருப்பு வந்தது. திருத்த நாள் இருக்கிறதா என்று ஒப்பந்தத்தைத் தேடினாள். இருந்தது. கடன் கொடுக்கும் வங்கிகள் ஒரு நிபந்தனை வைத்திருந்தன: இறுதி அறிக்கை கையளிக்கப்படும் நாள்வரை ஊரார் தங்கள் ஒப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். அதற்குப் பிறகு முடியாது. கையளிக்கும் நாள் அடுத்த வெள்ளி. ஏழு நாள். அதற்குள் ஊருக்குத் தெரிந்தால் நிலம் அவர்களிடம் நிற்கும்; தெரியாவிட்டால் போனதுதான்.

அப்போதுதான் ஒரு பழைய மின்னஞ்சல் நினைவுக்கு வந்தது. சாண்டா என்ற பெண் எழுதியது. சுரங்கத்தின் மக்கள் தொடர்பு அலுவலகத்தில் வேலை செய்பவள். ரெசிப்பியன்ட்களுக்கான குழாய்கள் வீட்டுக்கு ஒன்றா, நாலைந்து வீட்டுக்குப் பொதுவில் ஒன்றா என்று கேட்டிருந்தாள். குழாய் சம்பந்தமான கேள்வி தன்னுடைய பகுதி இல்லையே என்று ஹன்னா அதைத் தோர்கிலுக்கு அனுப்பியிருந்தாள். 'நன்றி, நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று பத்து நிமிடத்தில் பதில் வந்திருந்தது. தேதியைப் பார்த்தாள். மூன்று கிழமைக்கு முந்திய செவ்வாய்.

மூன்று கிழமையாகத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் இன்று காலை ஜாமோடு சிரித்திருக்கிறார்.

ஹன்னா மிச்ச ரொட்டிகளைக் கட்டிக் குப்பையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். அருவருப்பு அவளோடு கூடவே காரில் ஏறிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை சபையில் சாட்சி நேரம். டேனிஷ் சபையொன்றின் மண்டபத்தை வாடகைக்கு எடுத்து நடக்கிற தமிழ்ச் சபை அது. ஆராதனைக்கு நடுவில் யாராவது எழுந்து, அந்தக் கிழமை ஆண்டவர் தங்களுக்குச் செய்த நன்மையைச் சொல்வார்கள். அன்று எழுந்தது ஹன்னாவின் அம்மா புஷ்பராணி. முதியோர் இல்லத்தில் இருபது வருடமாக வேலை செய்கிறவர். கூட்டத்தில் பேசக் கூச்சப்படுகிறவர். அதனாலேயே எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஸ்தோத்திரம். என்ர மகள் ஹன்னாவை ஆண்டவர் ஒரு பாத்திரமா எடுத்துப் பாவிக்கிறார். ஆபிரிக்காவில ஒரு ஊருக்கே அவ தண்ணி குடுக்கிறா. காஞ்சு கிடக்கிற சனம். வருசம் முழுக்கத் தண்ணி. அடுத்த மாசம் வேலையும் நிரந்தரமாகுது. ஆண்டவருக்கே மகிமை."

அல்லேலூயா என்றது சபை. பக்கத்திலிருந்த ராசமலர் அன்ரி ஹன்னாவின் கையைப் பிடித்துப் புறங்கையில் முத்தமிட்டாள். உதட்டின் ஈரம் தோலில் ஒட்டி நின்றது. பாட்டுத் தொடங்கும்வரை ஹன்னா அந்தக் கையை மடியில் வைக்காமல் காற்றில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

காரில் வரும்போதுதான் கேட்டாள். அம்மாவுக்கு இதை யார் சொன்னது?

"நீதானே சொன்னனீ," என்றார் அம்மா. "நான் புட்டு அவிச்சுக்கொண்டு நிக்கேக்க வந்து, தண்ணியைச் சுத்தமாக்கி வருசம் முழுக்கக் கீழ விடுறம் எண்டு சொன்னனீ."

சொன்னது உண்மைதான். மாசி மாதம் ஒரு பின்னேரம், அறிக்கையில் என்னதான் எழுதுகிறாய் என்று அம்மா கேட்டபோது, கைவசமிருந்த தமிழை வைத்துக்கொண்டு அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. கீழே என்றால் ஓடை என்று அவள் நினைத்தாள். கீழே என்றால் சனம் என்று அம்மா எடுத்துக்கொண்டார். சாம்பியாவில் நடந்த அதே பிழை, அதற்கு முந்தியே, அடுப்படியில் நடந்திருக்கிறது.

ஹன்னா முழுக் கதையையும் சொன்னாள். பாதி டேனிஷ், பாதி தமிழ். முன்சீட்டில் அப்பா ஜீவரட்ணம் காரை ஓட்டிக்கொண்டிருந்தார். கார் வீட்டு வாசலில் வந்து நின்ற பிறகுதான் கேட்டார்.

"அப்ப அந்தச் சனம் இப்ப எந்தத் தண்ணி குடிக்குது?"

"ஓடைத் தண்ணிதான் அப்பா. கிணறு வத்தினால் அதுதான்."

"இனி?"

அம்மா சீட் பெல்ட்டைக் கழற்றாமலே இருந்தார்.

"அம்மா, அடுத்த கிழமை எழும்பி, நான் சொன்னது பிழை எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ."

"உனக்கு விசரே? சாட்சியை ஆர் திருப்பி எடுக்கிறது? சனம் சிரிக்கும்."

"பொய்தானே அம்மா."

"ஆண்டவருக்கு உண்மை தெரியும். அது காணும். சனத்துக்கு ஏன்?" பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "நீயும் அந்த மனிசனோட வாய் காட்டாதை பிள்ளை. மூண்டு வருசமாக் காத்திருந்து கிடைக்கிற வேலை. எழுத வேண்டியதை எழுது, சொல்ல வேண்டியதை உன்ர மட்டத்தில சொல்லு, விடு."

ஹன்னாவுக்கு அம்மாமேல் கோபம் வரவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. ஏனென்றால் அவளுடைய மனதுக்குள் வெள்ளி இரவிலிருந்து ஓடிக்கொண்டிருந்ததும் கிட்டத்தட்ட இதே பேச்சுத்தான்: எழுத வேண்டியதை எழுது, உன் மட்டத்தில் சொல்லு, விடு. அம்மாவின் வாயால் கேட்டபோதுதான் அது எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று தெரிந்தது.

திங்கட்கிழமை காலை அவள் ஒரு திருத்தப் பட்டியலோடு தோர்கிலின் அறைக்குப் போனாள். நாற்பத்தேழு இடமும் பக்க எண்ணோடு இருந்தன. ஊருக்கு அனுப்ப ஒரு பக்க விளக்கக் கடிதமும் எழுதியிருந்தாள். தோர்கில் பட்டியலைக் கவனமாக வாசித்தார். நல்ல வேலை என்றார். உண்மையாகவே பாராட்டினார், அவர் வேலையை மதிக்கத் தெரிந்தவர்.

பிறகு பட்டியலைத் திருப்பி அவளிடமே தள்ளினார். நாற்பத்தேழு இடத்தில் மாற்றினால் முழு அறிக்கையையும் மறுபடி பரிசீலிக்க வேண்டிவரும், வெள்ளி தவறும் என்றார். தேவையுமில்லை. ஓர் அடிக்குறிப்புப் போதும். ஏழாம் பின்னிணைப்பில், இவ்வறிக்கையில் ரெசிப்பியன்ட் என்ற சொல் அதன் துறைசார் பொருளிலேயே ஆளப்பட்டுள்ளது என்று ஒரு வரி.

"அந்த வரியைக் கீழ் லுபாசியில் யார் வாசிப்பார்கள்?"

"அவர்களுக்காக நாங்கள் எழுதவில்லை, ஹன்னா. வங்கிக்காக எழுதுகிறோம். துண்டுப் பிரசுரம் சுரங்கத்தின் பாடு."

டேனிஷில் மரியாதைப் பன்மை எப்போதோ வழக்கொழிந்துவிட்டது. முதலாளியும் நீதான், பிரதமரும் நீதான். அன்று அது அவளுக்கு வசதியாக இருந்தது.

"உனக்கு மூன்று கிழமையாகத் தெரியும்," என்றாள்.

தோர்கில் மறுக்கவில்லை. தெரியும் என்றார். சுரங்கத்துக்கும் சொன்னேன், இப்போது கிளற வேண்டாம், அறிக்கை முதலில் போகட்டும் என்றார்கள். ஏமாற்றுவது யாருடைய நோக்கமும் இல்லை. தானாக விழுந்த பிழை. தற்செயலாக வேலையைச் சுலபமாக்கிவிட்டது. பின்னால் இரண்டு ஆழ்கிணறு தோண்டிக் கொடுத்தாலும் கொடுப்பார்கள்.

அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு படம் தொங்கியது. ரண்டர்ஸ் ஊடாக ஓடும் குடெனோ ஆற்றில், இடுப்பளவு தண்ணீரில், கையில் பெரிய ட்ரவுட் மீனோடு தோர்கில். சென்ற இலையுதிர் காலத்தில் மேலே எங்கோ ஒரு பன்றிப் பண்ணையிலிருந்து சாணித் தண்ணீர் கசிந்து கிளையோடையொன்றில் மீன்கள் செத்தபோது, அவருடைய தூண்டில் சங்கம் நகரசபைக்கு ஒன்பது கடிதம் எழுதியது. செத்த மீன்களின் படத்தை அவர் மேசை மேசையாகக் கொண்டுவந்து காட்டினார். கண் கலங்கியிருந்தது. ஹன்னாவும் உச்சுக்கொட்டினாள்.

"அந்தப் பன்றிக்காரர் ஓர் அடிக்குறிப்புப் போட்டிருந்தால் உனக்குப் போதுமாக இருந்திருக்குமா?" என்று கேட்டாள்.

தோர்கில் முதல் தடவையாக எரிச்சலோடு பார்த்தார்.

"அது வேறு. அது குடெனோ."

சொன்னது பிறகு அவருக்கே உறைத்திருக்க வேண்டும். தாளொன்றை எடுத்து இன்னொரு தாளின்மேல் வைத்தார். பிறகு வேறு குரலில், அறிக்கையின் இரண்டாம் பக்கத்தைத் திறந்து காட்டினார். எழுதியவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர் என்று மூன்று பெட்டி. அலுவலகத்தில் எல்லோரும் ஒப்பத்துக்குப் பதில் பெயரின் மூன்று எழுத்துத்தான். ஹன்னா ஜீவரட்ணம் எச்.ஜே.ஈ. சரிபார்த்தவர் பெட்டி காலியாக இருந்தது. இன்று அதைப் போட்டுவிடு, ஜூன் முதலாம் தேதியிலிருந்து நீ நிரந்தரம், மற்றதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

ஹன்னா பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சரிபார்த்தேன் என்று போடலாம், சரிபார்த்ததும் உண்மைதான். சரியில்லை என்று கண்டதும் உண்மை. அதற்குப் பெட்டி இல்லை.

"நான் போடமாட்டேன்."

"சரி. எமிலியா போடுவாள்."

எமிலியா போட்டாள். மத்தியானச் சாப்பாட்டில் மிஞ்சிய கேரட் துண்டொன்றைக் கடித்தபடி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், மூன்று எழுத்தைத் தட்டினாள். அறிக்கையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பிறகு கேரட் டப்பாவை ஹன்னாவிடம் நீட்டி, வேணுமா என்று கேட்டாள்.

பின்னேரம் ஹன்னா கார் தரிப்பிடத்தில் நின்று சாண்டாவுக்குத் தொலைபேசி எடுத்தாள். இலக்கம் அந்தப் பழைய மின்னஞ்சலின் அடியில் இருந்தது. அழைப்பதற்கு முன் இது இரகசிய ஒப்பந்தத்தை மீறுவதா என்று தன்னைத்தானே கேட்டாள். மீறுவதுதான். ஐந்தாம் பிரிவு, இரண்டாம் பந்தி. அதையும் தேடிப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தாள்.

சாண்டா முதலில் சந்தோஷப்பட்டாள். டென்மார்க்கிலிருந்து ஒருவழியாகக் குழாயைப் பற்றிப் பேச ஆள் வந்துவிட்டது என்று நினைத்தாள். ஹன்னா முழுவதையும் சொல்லி முடித்தாள்.

பிறகு சாண்டா சொன்னாள். அந்தச் சொல்லை ஊரின் மொழிக்குக் கொண்டுபோனது அவள்தான். 'கொடுக்கப்படுகிறவர்கள்' என்று ஆக்கியிருந்தாள். இரண்டு இரவு யோசித்து எடுத்த சொல். கூட்டத்தில் எழுந்து நின்று விளக்கியதும் அவள்தான். அவளுடைய சொந்தத் தமக்கை அந்த ஊரில் இருக்கிறாள். முதலில் ஒப்பம் வைத்தவர்களில் அவளும் ஒருத்தி.

நீங்களே போய்ச் சொல்லிவிடுவீர்களா என்று ஹன்னா கேட்டாள்.

"மாட்டேன்," என்றாள் சாண்டா. "முதலில் சொன்னதும் நான்தான். இப்போது போய் மாற்றிச் சொன்னால், சுரங்கம் எனக்குக் காசு கொடுத்ததென்று ஒரு பாதி சொல்லும், கொடுக்காததால் சொல்கிறேன் என்று மறுபாதி சொல்லும். எழுதியவர் நீங்கள். நீங்கள் சொல்லுங்கள். வியாழக்கிழமை பத்து மணிக்கு எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு வருகிறார்கள், குழாய் எங்கே வேண்டும் என்று அடையாளம் காட்ட. நான் போனைப் பிடிக்கிறேன்."

மூன்று நாள் இருந்தது. ஹன்னா என்ன சொல்வது என்று வரிசை எண் போட்டு எழுதினாள். முதலில் இருபத்தாறு வசனம் வந்தது. மன்னிப்பை முதலில் வைப்பதா கடைசியில் வைப்பதா என்று ஒரு முழு மாலை போயிற்று. முதலில் வைத்தால் தன்னைப் பற்றிப் பேசுவதாகிவிடும். கடைசியில் வைத்தால் தப்பிப்பதாகிவிடும். புதன்கிழமை வெட்டி வெட்டிப் பதினொன்றுக்குக் கொண்டுவந்தாள். ஒப்பத்தைத் திரும்பப் பெறலாம் என்பதை மூன்றாவதாக வைத்தாள். பாதியில் இணைப்பு அறுந்தாலும் அது போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

வீட்டிலிருந்து பேசியிருக்கலாம். ஒளித்துப் பேசினால் இதுவும் ஓர் அடிக்குறிப்பாகிவிடும் என்று தோன்றியது. கண்ணாடிச் சுவர் வைத்த கூட்ட அறையை வியாழன் பத்து மணிக்குப் பதிவுசெய்தாள். எல்லோரும் பார்க்கிற நாட்காட்டியில் விஷயம் என்று கேட்ட இடத்தில் 'கீழ் லுபாசி: திருத்தம்' என்று எழுதினாள். எழுதிவிட்டு எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்தாள்.

கோடையில் சாம்பியாவுக்கும் டென்மார்க்குக்கும் ஒரே நேரம். பத்து மணிக்கு மடிக்கணினித் திரையில் அதே தகரக் கூரை மண்டபம் வந்தது. இம்முறை யாரும் கைதட்டவில்லை. எல்லோருடைய கையிலும் ஒரு குச்சி இருந்தது. நுனியில் துணித் துண்டு கட்டிய குச்சி. சிவப்பு, நீலம், பூப்போட்டது. அதென்ன என்று கேட்டாள். குழாய் வரவேண்டிய இடத்தில் நடுவதற்கு, வீட்டுக்கு ஒன்று, என்றாள் சாண்டா.

ஹன்னா தாளைப் பார்த்தாள். பதினொரு வசனமும் அங்கே இருந்தன.

"என் பெயர் ஹன்னா ஜீவரட்ணம். உங்களுக்குத் தண்ணீர் வருமென்று நீங்கள் நினைக்கும்படி எழுதியவள் நான். உங்களுக்குத் தண்ணீர் வராது."

சாண்டா மொழிபெயர்த்தாள். இரண்டாவதாக ஹன்னா, பெறுநர் என்று எழுதியது ஓடையைத்தான், அந்தத் தண்ணீர் ஓடைக்குத்தான் போகும், அதில் இன்னது இருக்கும் என்று சொன்னாள். மூன்றாவதாக, நாளை மாலைவரை ஒப்பத்தைத் திரும்பப் பெறலாம், சுரங்க அலுவலகத்துக்கு நேரே போய்க் கேட்க வேண்டும், அதற்குப் பிறகு முடியாது என்றாள். அதை இரண்டு தரம் சொல்லும்படி சாண்டா கேட்டாள். சொன்னாள்.

மண்டபத்தில் ஒரே இரைச்சல். ஒரு வயதான மனிதர் குச்சியை உயர்த்திப் பேச, மற்றவர்கள் அடங்கினார்கள்.

"ஓடையைப் பெறுநர் என்று எழுதுகிற நாடு எது என்று கேட்கிறார்," என்றாள் சாண்டா.

"டென்மார்க்."

"அங்கே ஓடைதான் ஒப்பமும் வைக்குமா என்று கேட்கிறார்."

யாரோ சிரித்தார்கள். பிறகு பலர் சிரித்தார்கள். படத்தில் கண்ட சிரிப்பு அல்ல இது. ஹன்னாவுக்குக் காது சுட்டது. இல்லை, அங்கே ஓடைக்காக ஆட்கள் கடிதம் எழுதுவார்கள் என்று சொன்னாள். சாண்டா அதை மொழிபெயர்த்தாளோ என்னவோ.

பத்தே கால் இருக்கும். கண்ணாடிக்கு அப்பால் தோர்கில் வந்து நின்றார். நாட்காட்டியை இப்போதுதான் பார்த்திருக்க வேண்டும். கையில் கோப்பிக் குவளை. அவருக்குப் பின்னால் எமிலியா. அவளுக்குப் பின்னால் இன்னும் இருவர். யாரும் கதவைத் திறக்கவில்லை. டேனிஷ் அலுவலகத்தில் பதிவுசெய்த அறைக்குள் சட்டென்று நுழைய மாட்டார்கள். அந்த நாகரிகம் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அதுவே அவளுக்கு இன்னும் ஆறு நிமிடத்தைத் தந்தது.

கூட்டத்திலிருந்து மஞ்சள் துணி கட்டிய பெண் எழுந்து வந்தாள். போனுக்கு மிக அருகில் வந்து, கண்ணுக்கு நேரே உற்றுப் பார்த்தாள். ஹன்னா கண்ணைத் தாழ்த்தவில்லை. அந்தப் பெண் ஒரு சொல் சொன்னாள். பிறகு பக்கத்தில் திரும்பி நிலத்தில் துப்பினாள்.

"இதற்கு மொழிபெயர்ப்பு வேண்டாம்," என்றாள் சாண்டா. சற்றுப் பொறுத்து, "அவள் என் தமக்கை."

ஹன்னாவின் தாளில் இன்னும் நாலு வசனம் மிச்சமிருந்தது. மன்னிப்பு அதில் ஒன்று. அதைச் சொல்ல வாயெடுத்தாள், கேட்க ஆளில்லை. முதலில் வயதானவர் வாசலால் வெளியேறினார். அவருக்குப் பின்னால் இருவர், பிறகு வரிசை வரிசையாக. சிலர் குச்சியைக் கையோடு கொண்டுபோனார்கள், பலர் வாசலில் எறிந்துவிட்டுப் போனார்கள். பத்துப் பதினைந்து பேர் மட்டும் எதையும் நம்பாதவர்களாக வாங்கிலேயே இருந்தார்கள். எங்கே போகிறார்கள் என்று கேட்டாள். சுரங்க அலுவலகத்துக்கு, நடை தூரம்தான், ஒன்றரை மணித்தியாலம் என்றாள் சாண்டா. போனைக் கையில் பிடித்தபடி அவளும் நடக்கத் தொடங்கினாள். திரையில் செம்மண்ணும் கால்களும் தெரிந்தன. ரப்பர்ச் செருப்புக் கால்கள், வெறுங்கால்கள்.

கண்ணாடிக் கதவு திறந்தது. தோர்கில் குவளையை வெளியே யாரிடமோ கொடுத்துவிட்டு வந்திருந்தார். முகம் வெளிறியிருந்தது. நீ என்ன செய்திருக்கிறாய் என்று உனக்குத் தெரியுமா என்று கேட்கவில்லை. மெல்லிய குரலில், வழக்கமான மரியாதையோடு, கணினியை மூடித் தரும்படி கேட்டார். அது அலுவலகத்தின் சொத்து, அடையாள அட்டையும் வேண்டும் என்றார்.

ஹன்னா அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி மேசையில் வைத்தாள். கணினியை மூடவில்லை.

"கொஞ்சம் பொறு," என்றாள். "இன்னும் ஆட்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள்."